முன்னறையை அடைத்த பியானோ

மழை பிடித்துக்கொண்ட நாட்களில் அந்தப் பியானோவின் பக்கத்தில் உட்கார்ந்தால் ஈரக் கம்பளியும் பாச்சை உருண்டையும் கலந்த ஒரு வாடை வந்து முகத்தில் படியும். அந்த வாடைக்குள்ளேதான் நாங்கள் சாப்பிட்டோம், படித்தோம், தூங்கினோம். சாந்தோமில் கடற்கரைக்குப் போகும் சந்து ஒன்றில் நாங்கள் குடியிருந்த ‘போர்ஷன்’ ஒரு முன்னறையும் ஒரு சமையலறையும் மட்டுமே கொண்டது. அந்த முன்னறையில் பாதியைப் பியானோ எடுத்துக்கொண்டிருந்தது.

அது அம்மாவுடையது. தாய் தகப்பன் இல்லாமல் கன்னியாஸ்திரீகளின் மடத்தில் வளர்ந்தவள் அம்மா. வளர்ந்த பிறகு அங்கேயே சின்னப் பெண்களுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்தாள். பள்ளிக்கூட வாத்தியாரான அப்பாவுக்கு அவளைக் கட்டிக்கொடுத்த சமயம் மடத்துக்குப் புதுப் பியானோ வந்திருந்ததால், பழையதைச் சீதனமாக அவளோடு அனுப்பிவிட்டார்கள். வாசல் நிலையைப் பெயர்த்துத்தான் அதை உள்ளே கொண்டுவர முடிந்ததாம். நகை நட்டு இல்லாமல் நடந்த அந்தக் கல்யாணத்தைப் பற்றி அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, “பொண்ணு உள்ள வந்துட்டா, பொட்டிதான் தெருவுலயே நின்னுது” என்று வாய்ப்பு வரும்போதெல்லாம் சொல்லுவாள்.

பியானோ உள்ளே வந்ததும் கட்டில் வெளியே போயிற்று; பிறகு மேஜையும் போயிற்று. மாதா சொரூபமும் அப்பா திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்களும் என் சிலேட்டும் பியானோவின் தலைமேல் ஏறிக்கொண்டன. அதன் அடியில் காலால் அழுத்தும் மிதிகட்டைகளின் பக்கம் தலைவைத்து நான் படுப்பேன். கடற்காற்றில் கம்பிகள் துருப்பிடித்தன, மழையில் வாசிக்கும் கட்டைகள் ஊதி, அழுத்தினால் எழும்பாமல் கிடந்தன. கறையானுக்குப் பயந்து அம்மா அதன் கால்களில் மண்ணெண்ணெய் தடவுவாள். ஐப்பசி பிறந்ததும் கீழ்ப்பலகையைக் கழற்றி, அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து ஈரத்தை இழுக்க உள்ளே வைப்பாள். அடுத்த போர்ஷன்காரர் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவர் என்பதால், சத்தத்தை அடக்கும் மிதிகட்டையை ஒரு காலால் அழுத்திக்கொண்டு வெளியே கேட்காமல் வாசிக்கப் பழகியிருந்தாள். அவள் வாசிப்பது எனக்குக் காதில் கேட்டதைவிடச் பியானோ ஒட்டியிருந்த சுவரில் சாய்ந்திருந்த முதுகில் அதிகம் கேட்டது.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியான கோடையில் அம்மா டைபாய்டில் படுத்தாள். சந்தில் வீடு வீடாகப் பூட்டிக்கொண்டு போனார்கள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரும் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போயிருந்தார். இருட்டடிப்புக்காகக் கறுப்புக் காகிதம் ஒட்டிய ஜன்னலுக்குக் கீழே, பியானோவுக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவில் விரித்த பாயில், ஒரு காலைப்பொழுதில் அம்மா இறந்துபோனாள். சவப்பெட்டியைத் தூக்கக்கூட ஆள் தேட வேண்டியிருந்தது. என்னைக் குனிந்து முத்தமிடச் சொன்னார்கள், முத்தமிட்டேன். பசிக்கிறதா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன். எட்டு வயதில் ஒரு பெண் அப்படி இருப்பாளா என்று அத்தைக்கே சந்தேகம் வந்துவிட்டது. “கல்லு மாதிரி நிக்குதே இது” என்று அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை.

அப்பா பியானோவைப் பூட்டிச் சாவியைத் தன் டிரங்குப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். அதன் பிறகு அது எங்களுக்கு ஒரு சுவராயிற்று. ஓடிப்போனவர்கள் திரும்பி வந்தார்கள். அரிசிக்கு ரேஷன் வந்தது. ராயப்பேட்டை மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தவரின் மகளை அத்தை பார்த்து முடிவுசெய்து, அப்பாவுக்கு இரண்டாம் கல்யாணம் செய்துவைத்தாள். “புதுசா ஒருத்தி வர்ற வீட்டுல பழையவ சாமான் எதுக்குடா?” என்று அத்தை கேட்டபோது அப்பா பரீட்சைத் தாள் ஒன்றை எடுத்துத் திருத்த ஆரம்பித்தார்.

மேரி சித்தி உள்ளே வந்து, தன் தகரப்பெட்டியை வைக்க இடம் தேடி நின்றது நினைவிருக்கிறது.

“இன்னா கண்ணு, இம்மாம் பெருசா கீது?” என்றாள்.

“பியானோ.”

“தெரியும். உங்கம்மாவுதா?”

தலையாட்டினேன். தகரப்பெட்டியைச் சமையலறையில் விறகுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். தினமும் பியானோவின் மேல் தூசி தட்டினாள். சாவி எங்கே என்று ஒருநாளும் கேட்கவில்லை. அந்த வருஷம் மழை விடாமல் அடித்தது. முன்னறை முழுவதும் பூஞ்சைக் காளான் வாடை ஏறியபோது அவள்தான் என்னைக் கூப்பிட்டாள்.

“மழ நாள்ல உங்கம்மா இதுக்கு இன்னா பண்ணுவாங்க?”

கரி முடிச்சைப் பற்றிச் சொன்னேன். அம்மா போனபிறகு அம்மாவைப் பற்றி என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தைகள் அவைதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அது வெறும் தகவல். சித்தி பழைய புடவையைக் கிழித்தாள், நான் கரி உடைத்தேன், இருவரும் கீழ்ப்பலகையைக் கழற்றி முடிச்சுகளை உள்ளே அடுக்கினோம். கை கழுவும்போது என் மூக்கிலிருந்த கரியை அவள் முந்தானையால் துடைத்தாள். நான் விலகவுமில்லை, ஒட்டவுமில்லை.

அடுத்த வருஷம் சித்திக்கு மாதம் நிறைந்திருந்த சமயம். ஒரு மத்தியானம் வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. மவுண்ட் ரோட்டில் பழைய சாமான்கள் ஏலம் விடும் கடையிலிருந்து ஆட்களை அழைத்துக்கொண்டு அப்பா வந்திருந்தார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அவர்கள் கயிற்றைப் பிரிக்க ஆரம்பித்ததும் சித்தி சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள்.

“இன்னாங்க இது?”

“குழந்தை பொறந்தா கட்டில் போட எடம் வேணாமா, மேரி?”

“கட்டிலு கேட்டது யாரு? நானா?”

“அது மக்கிக்கிட்டுக் கெடக்கு. வாசிக்கவும் ஆளில்ல.”

“ஆளில்லியா? இதோ நிக்கிதே, இது யாரு?” என்று என்னைக் காட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள்: “நா வந்த நாள்லேந்து பாக்குறேன். இந்தப் புள்ள அழுதும் பாக்கல, சிரிச்சும் பாக்கல. சோறு போட்டா துன்னுது, படுன்னா படுக்குது. இதயும் தூக்கிகினு போய்ட்டா அதுக்கு இந்த ஊட்ல இன்னாதான் கீது?”

சொல்லிவிட்டு, வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி பியானோவின் முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வந்த ஆட்கள் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டே இருந்தார். வண்டி வெறுமையாகத் திரும்பிப் போயிற்று. எனக்காக ஒருத்தி சண்டை போட்டிருக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. நன்றி தோன்றியிருக்க வேண்டும். மாடு எங்கள் வாசலில் போட்டுவிட்டுப் போன சாணத்தை யார் அள்ளுவது என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அப்பா சாவியைப் பியானோவின் மேல் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனார். மடத்தில் அம்மாவோடு கூட வளர்ந்த டீச்சர் ஒருவர் சனிக்கிழமைகளில் வந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தார். சித்திக்கு ஆண்குழந்தை பிறந்தது. கட்டிலுக்குப் பதில் விட்டத்தில் புடவையால் ஏணை கட்டினாள். ஆட்டும்போது அது பியானோவில் இடிக்காமலிருக்கப் பக்கவாட்டில் ஒரு தலையணையைக் கட்டிவைத்தாள். தம்பி தூங்குவதற்காக நானும் மிதிகட்டையை அழுத்திக்கொண்டு வாசித்தேன். விரல்கள் சரியாகத்தான் போயின. “நல்லா வருது” என்று டீச்சர் சொன்னார். எனக்கு ஒன்றும் வரவில்லை, ஆனால் வாசித்தேன்.

ஒருநாள், பாடத்தில் இல்லாத ஒன்றை விரல்கள் தாமாகத் தொட்டுப் பார்த்தன. கொஞ்சதூரம் போய் நின்றுவிட்டன. பின்னால் சித்தி மீன் கழுவிய கையை ஒதுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

“ஏன் நிறுத்திட்டே?”

“இதுக்கு மேல தெரியல. அம்மா வாசிச்சது இவ்ளோதான் ஞாபகம் இருக்கு.”

“அப்ப அது வரிக்கும் வாசி. போதும்” என்றாள் சித்தி.

அதுவரைக்கும் வாசித்தேன். மறுபடியும் அதுவரைக்கும் வாசித்தேன். அடுப்பில் சட்டி காய்ந்துகொண்டிருந்ததை அவள் பொருட்படுத்தவில்லை.

அப்பாவும் சித்தியும் போய் வெகுகாலமாகிறது. கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசியில் பாதிக் கட்டைகள் ஊமையான பிறகு, தம்பி பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் அந்த வீட்டைக் காலி செய்தபோது பியானோவை ஒரு தச்சர் பலகைக்காக எடுத்துக்கொண்டார். அந்தச் சந்தில் இப்போது அடுக்குமாடிக் கட்டிடங்கள். எங்கள் முன்னறை இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. சென்ற மாதம் தலை நரைத்த என் தம்பி என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனான். பியானோ எப்படி இருந்தது என்று அவனுக்கு நினைவில்லை.

“சின்ன வயசுல நா இன்னா நெனச்சுகினு இருந்தேன் தெரியுமாக்கா?” என்றான். “எல்லா ஊட்டுச் சுவத்துக்குள்ளயும் பாட்டு இருக்கும்னு. இஸ்கூல் சேந்தப்புறம் சிநேகிதன் ஊட்டுக்குப் போயி, சுவத்துல காத வச்சுப் பாத்தேன்.”

அவன் சிரித்தான். பக்கத்தில் காரை எடுக்க வந்த ஒரு பையன், யாரைப் பார்க்க வேண்டும் என்று எங்களைக் கேட்டான். யாரையும் இல்லை என்று சொன்னேன்.