துர்க்காவின் எட்டுப் பேர்

துர்க்காவைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். அவளில் இல்லை, எங்களில், பிள்ளைகளைப் பெற்றவர்களில்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த நகரத்தில், டோர்செட் பார்க் பகுதியில் வளர்ந்தவள் துர்க்கா. இப்போது மில்லிக்கனில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை. சின்ன வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியபோது அவளை எப்போதும் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்களாம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அழகியல் குழு ஜிம்னாஸ்டிக்ஸ் என்ற ஒன்றை முதன்முதலில் கொண்டுவந்தவள் அவள்தான். பந்தும் இல்லை, வளையமும் இல்லை. எட்டுப் பிள்ளைகள் ஒரே மூச்சில் வளைந்து நிமிர வேண்டும். ஒருத்தி பிந்தினாலும் எல்லோருக்கும் புள்ளி குறையும்.

இதை எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்துவது லேசான காரியமா? எட்டு மணிப் பயிற்சிக்கு ஒன்பதரைக்கு வந்து இறக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு முறைப்பாடு.

"என்ர மகளை நடுவில விடும், துர்க்கா," என்பார் யோகமலர் அக்கா.

"இதில நடு எண்டு ஒண்டு இல்லை, அக்கா. எல்லாரும் இடம் மாறிக்கொண்டுதான் இருப்பினம்."

"அப்ப முன்னுக்கு விடும்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கும். துர்க்காவோ அடுத்த சனிக்கிழமையும் முதலிலிருந்து விளங்கப்படுத்துவாள். நான்கு வருடங்கள் இப்படியே போயின.

போன சித்திரையில், பயிற்சிக்கு மண்டபம் தந்த சமூக நிலையம் கறாராகச் சொல்லிவிட்டது. மாகாணப் போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் சனிக்கிழமை மண்டபம் துர்க்காவுக்கு. இல்லையென்றால் பட்மின்டன்காரருக்கு. வேறு இடம் தேடி அவள் ஏறி இறங்காத வாசற்படி இல்லை. மண்டபம் போனால் குழுவும் போனது.

போட்டியன்று பிள்ளைகள் அப்படி ஒற்றுமையாகச் செய்தார்கள். எட்டுப் பேரில் என் மகள் நிலாணி எவள் என்று எனக்கே ஒரு கணம் பிடிபடவில்லை. கடைசியில் எல்லோரும் காலை ஒன்றாக இறக்க வேண்டும். ஏழு கால்கள் இறங்கின. நிலாணி மட்டும் காலை உயர்த்தியபடியே நின்று, நான் கைபேசியோடு இருந்த பக்கம் பார்த்துச் சிரித்தாள். அரைப் புள்ளி குறைந்து நான்காம் இடம்.

நடைபாதையில் யோகமலர் அக்கா குரலை உயர்த்தினார். "என்ர பிள்ளை சொன்னபடி செய்தவள்!"

துர்க்கா நிலாணியிடம் குனிந்து கேட்டாள். "என்னம்மா நடந்தது?"

"மறந்துபோனன், கோச்," என்றாள் நிலாணி, என் முகத்தைப் பார்க்காமல்.

அவள் மறக்கவில்லை. அன்று காலை அஜக்ஸில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரில் வரும்போது நான்தான் சொன்னேன்: "கடைசியில காலைக் கொஞ்சம் கூடின நேரம் தூக்கி வைச்சிரு, பிள்ளை. அப்பதான் வீடியோவில நீ தெரிவாய்." உபதேசமெல்லாம் ஊருக்குத்தானே! பிள்ளை எனக்காகப் பொய் சொன்னதைக் கேட்டபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான்தான் சொல்லிக் குடுத்தனான், துர்க்கா," என்றேன்.

அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பையை எடுத்துத் தோளில் போட்டாள்.

"எட்டுப் பிள்ளையளையும் பழக்கிப்போட்டன், அண்ணை. தாய்தேப்பன் பதினாறு பேரைப் பழக்க என்னால ஏலாது."

நிலாணியைக் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். அவள் என்னிடம் வரவில்லை. மற்ற ஏழு பேரோடும் போய் நின்றுகொண்டாள்.