புதைத்து எடுத்த சோளக்கதிர்

இர்விங்கில் என் மகன் இருந்த அப்பார்ட்மென்டில், எங்களுக்கு நேர் கீழ்வீட்டில் ஒரு மெக்சிகோக்காரப் பெண் இருந்தாள். இரண்டு பிள்ளைகள். மூன்றாவது, வயிற்றில் ஆறு மாதம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அவளுக்கும் அரைகுறைதான். அவள் என்னை சென்யோர் என்பாள், நான் அவளை அம்முணி என்பேன். அதற்கு மேல் எல்லாம் கைஜாடை.

அவள் பின்கதவுக்கும் வேலிக்கும் நடுவே பத்தடி மண் இருந்தது. மேனேஜர் ஒன்றும் சொல்லாததால் அதில் மிளகாய், பச்சையாகவே பழுக்கும் ஒரு தக்காளி, பூசணி, இரண்டு வரிசை மக்காச்சோளம் வைத்திருந்தாள். ஓரத்தில் சப்பாத்திக்கள்ளி. அதையும் முள் சீவி வதக்கித் தின்பார்கள். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்துத் தோல் கழற்றுவாள். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு சாப்பாட்டுப் பானைக்குள் போவதை அங்கேதான் பார்த்தேன்.

எங்களைப் பழக்கப்படுத்தியது பருப்புக்கீரை. நடைபாதை ஓரம் தானாக முளைத்ததை அவள் குனிந்து கிள்ளிக்கொண்டிருந்தாள். நானும் குனிந்து கிள்ளினேன். இருவரும் சிரித்துவிட்டோம். மருமகள் அதைக் கடைந்து ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். மறுநாள் கீழேயிருந்து அதே கிண்ணத்தில் அவர்கள் சமைத்த கீரை வந்தது. நான் தின்று முடித்தபிறகு மருமகள் சொன்னாள்.

"மாமா, அதுல பன்னிக்கறி போட்டிருக்காங்களாமா."

"தின்னதுக்கப்புறம் சொன்னா என்ன கண்ணு பண்றது? நல்லாத்தான் இருந்துச்சு."

மே மாதம் அங்கே மழை பிடித்தால் விடாது. அந்த வருடம் பத்து நாள் பெய்தது. மழை விட்ட வெள்ளிக்கிழமை அவள் குடும்பத்தோடு சான் அன்டோனியோவுக்கு, நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பினாள். ஹோஸ் பைப்பை என் கையில் கொடுத்து, செடிகளைக் காட்டி, நாலு விரலை நீட்டினாள். நாலு நாள் தண்ணீர் விட வேண்டும். தலையை ஆட்டினேன்.

மறுநாள் தண்ணீர் விடும்போதுதான் பார்த்தேன். முதல் வரிசையில் நாலு கதிர்களில் தோலைப் பிளந்துகொண்டு சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக வீங்கியிருந்தது. கரிப்பூட்டை. எனக்குப் பள்ளிக்கூடம் தெரியாது, பயிர் தெரியும். அந்தக் கட்டி வெடித்தால் உள்ளே கரித்தூள். காற்றில் பறந்து அடுத்த வருடத்துக்கும் மண்ணில் கிடக்கும். ஊரில் என்றால் கதிரைக் கோணிப்பையால் மூடி ஒடித்துக் கொளுத்துவோம். அப்பார்ட்மென்டில் தீ வைத்தால் போலீஸ் வரும் என்று மகன் முதல் நாளே சொல்லியிருந்தான். அதனால் நாலையும் பிளாஸ்டிக் பையால் மூடி ஒடித்து, வேலி ஓரம் முழங்கை ஆழத்துக்குத் தோண்டிப் புதைத்தேன். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். நல்ல காரியம் செய்த நிம்மதியில் மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் வந்தாள். காரிலிருந்து இறங்கியதும் வீட்டுக்குள்கூடப் போகவில்லை, நேராகச் சோளத்துக்குப் போனாள். ஒடித்த காம்பைத் தொட்டுப் பார்த்தாள். நான் மேலேயிருந்து இறங்கிப்போய், நோய், ஒடித்தேன், புதைத்தேன் என்று பெருமையாகக் கைஜாடை காட்டினேன். அவள் பின்கதவுப் படியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் வைத்துக்கொண்டாள்.

வேலையிலிருந்து வந்த மருமகள் அவளிடம் பேசிவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"மாமா, அது நோய் இல்லீங்களாமா. அவங்க ஊர்ல அதுதான் விசேஷச் சாப்பாடு. மழை வந்தாத்தான் வருமாமா. இங்க வந்து ஏழு வருஷமா அவங்க கண்ணுலயே படலையாம்."

"கரிப்பூட்டையவா திங்கறாங்க?"

"அஞ்சு மாசமா எதைத் தின்னாலும் வாந்திங்க மாமா. இது ஒண்ணுதான் வேணும்னு இருந்திருக்கு. அவங்கம்மா போன்ல, இன்னும் நாலு நாள் விடு, நல்லா உப்பட்டும்னாங்களாம். டப்பாவுல வர்றது வாசமே இருக்காதாமா."

மகன் பக்கத்தில் நின்றான். "ஏம்ப்பா, தண்ணி ஊத்தத்தானே சொன்னாங்க?"

பிள்ளைத்தாச்சிப் பெண் ஆசைப்பட்டதை மண்ணில் புதைத்திருக்கிறேன்.

அப்படியே போய்த் தோண்டினேன். நாலும் அழுகி வெடித்துக் கரித்தூளாகக் கிடந்தன. தின்ன ஆகாது. ஆனால் தூள் இருந்தது. இரண்டாவது வரிசை அவள் மூன்று வாரம் கழித்து நட்டது. கதிர் நுனியில் அப்போதுதான் முடி விட்டிருந்தது. ஈரமும் தூளும் அந்த முடியில் பட்டால் நோய் ஏறும் என்று எனக்குத் தெரியும். படாமல் காப்பதுதானே என் பிழைப்பாக இருந்தது.

ஒரு பக்கெட்டில் தூளைக் கரைத்து, டம்ளரில் மொண்டு ஒவ்வொரு கதிரின் முடியிலும் ஊற்றினேன். அவள் படியிலிருந்து எழுந்து வந்து பார்த்தாள். புரிந்ததும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். புருஷனைக் கூப்பிட்டு என்னைக் காட்டி என்னவோ சொன்னாள்.

"என்ன கண்ணு சொல்றா?"

"கெழவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுங்கறாங்கன்னு நினைக்கறேன் மாமா."

மழை நின்றுவிட்டது. நானே தினம் காலையிலும் சாயங்காலமும் கதிரை நனைத்தேன். ஒரு வாரம் ஒன்றுமில்லை. அவளுக்கு ஏழாம் மாதம் தொடங்கியது, கன்னம் ஒட்டியிருந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்காமலே தண்ணீர் விட்டேன். இரண்டாம் வாரக் கடைசியில் ஒரு கதிரின் நுனி வெளுத்து உப்பியது. பயிர் நோயைக் கண்டு சந்தோஷப்பட்டது என் ஆயுசில் அது ஒன்றுதான். எட்டுக் கதிரில் இரண்டில்தான் கட்டி பிடித்தது. இந்தத் தடவை நான் கை வைக்கவில்லை. அவளே நாள் பார்த்து ஒடித்தாள்.

வெங்காயமும் மிளகாயும் போட்டு வதக்கினாள். கரேல் என்று ஆனது. சோள ரொட்டியில் மடித்து எனக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் மூன்று தின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கடித்தேன். மழைக்காலத்துக் காளான் மாதிரி இருந்தது, கூடவே கொஞ்சம் மண்வாசம்.

அப்புறம் மேலே வந்து, டிவியை அணைக்கச் சொல்லி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தினமும் அந்த நேரத்தில் அவள் பாத்ரூமுக்கு ஓடுவதும் வாந்தி எடுப்பதும் மேலே கேட்கும். அன்றைக்கு ரொம்ப நேரம் காது கொடுத்தேன். பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.