கூடுதலாக விட்ட துணி

அக்காவும் மாமாவும் பிரிவதென்று முடிவானபோது கட்டில், பீரோ எதிலும் தகராறு வரவில்லை. தையல் மெஷின் அக்காவுக்கு, கத்தரிக்கோல் மாமாவுக்கு. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் கடையில் அப்படித்தான். அளவெடுத்து வெட்டுவது மாமா, தைப்பது அக்கா. அவர் மெஷினில் உட்கார்ந்ததில்லை, அவள் ஒரு துணியை வெட்டியதில்லை.

காரணம் கேட்டவர்களுக்கு அக்கா ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "பேசமாட்டாரு." குடிக்கிறவன், அடிக்கிறவன் என்றால் சரி, பேசாதவனை விட்டுவிட்டு யாராவது போவார்களா என்று சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ஊமைக்கோட்டானோடு ஒரு வாரம் இருந்து பார்த்தால் தெரியும். கடையை வேறு தெருவுக்கு மாற்றப் போகிறார் என்பதையே, புதுப் பலகை எழுத வந்த ஆள் சொல்லித்தான் அக்கா தெரிந்துகொண்டாள். அவருக்கு ஆபரேஷன் என்பது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனில் தெரிந்தது.

வக்கீலம்மா மனுவைப் போட்டுவிட்டு, கோர்ட்டில் கூப்பிடும்வரை காத்திருக்கச் சொன்னார். "அதுக்குள்ள சொந்தக் கால்ல நிக்கப் பழகிக்குங்க" என்றார். அக்கா எங்கள் வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டாள். தன் பேரில் வங்கிக் கணக்கு, வாசலில் ஒரு சின்னப் பலகை, எல்லாம் ஆயிற்று. வெட்டத் தெரியவேண்டியதுதான் பாக்கி. அது வராவிட்டால் யார் கடையிலாவது கூலிக்குத் தைக்க வேண்டும், இல்லை, அவரிடமே திரும்பிப் போக வேண்டும். இரண்டையும் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

என் பழைய போர்வைகளையெல்லாம் வெட்டிப் பழகினாள். நடுவில் அழுவாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி வெட்டுவாள். கை வந்துவிட்டது என்று தோன்றியதும் என் வீட்டுக்காரரை நிற்கவைத்து அளவு டேப்பைச் சுற்றினாள்.

"முதல் பலி நானா?" என்று அவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

சட்டை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பட்டன்தான் போட முடியவில்லை. மனுஷன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க, "அருமையா இருக்கு அண்ணி" என்றார். அக்காவின் முகம் செத்துப்போயிற்று. மறுபடி அளந்தாள், அளவு சரி. தையல் முழுவதையும் பிரித்துத் துண்டுகளைத் தரையில் பரப்பினாள், வெட்டியதும் சரி. பிறகுதான் ஓரத்தில் இருந்த ஊசித் தடத்தைக் கவனித்தாள். ஓரத்தில் எல்லோரும் பிடித்துத் தைப்பதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு துணியை அவள் கை உள்ளே பிடித்திருந்தது.

"நான் எப்பவும் இப்படித்தானே தைக்கிறேன்? அங்க ஒரு சட்டைகூட இறுகலையே."

தைத்துத் தருவதாகக் கடையிலிருந்து எடுத்துவந்த கடைசி மூட்டை மூலையில் கிடந்தது. மாமா வெட்டியது. பிரித்து அளந்தாள். ஒவ்வொரு ஓரத்திலும் தேவைக்கு மேல் துணி விட்டிருந்தது.

அப்போதே கடைக்குக் கிளம்பிவிட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன். மாமா மேஜையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"என் கைக்குன்னு கூட விட்டு வெட்டுனீங்களா?"

தலையாட்டினார்.

"எப்ப இருந்து?"

"முதல்ல இருந்தே."

"ஏன் சொல்லல?"

சாக்பீஸைக் கையில் உருட்டினார். "சொன்னா சங்கடப்படுவே. துணி விடுறது சுலபம்."

பொய் சொல்வானேன், எனக்கு அந்த நிமிஷம் மாமாமேல் இரக்கம் வந்தது. அக்கா மனசு மாறிவிடுவாள் என்றே நினைத்தேன். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள்.

"இத்தனை வருஷம் தப்பாத் தச்சிருக்கேன். பெரிய கைகாரின்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். பக்கத்துலயே உக்காந்திருந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லல பாரு."

வீட்டுக்கு வந்ததும் மெஷினில் ஊசிக்குப் பக்கத்துத் தகட்டில் சிவப்பு ஒட்டு டேப் ஒன்றை ஒட்டினாள். துணியின் ஓரம் அதைத் தாண்டக் கூடாது. கை சொன்னபடி கேட்கக் கொஞ்ச நாள் பிடித்தது. அடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கி, குனிந்து, நிமிர்ந்து, வீடெல்லாம் சுற்றி வந்தார். அன்று அக்கா வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

கோர்ட்டில் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தின வாரம் நான் மாமா கடைப் பக்கம் போயிருந்தேன். தைக்கப் புதிதாக ஓர் ஆள் வைத்திருந்தார். மாமா அப்போது கடையில் இல்லை. இரண்டு வாடிக்கையாளர்கள் அந்த ஆளைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். சட்டையெல்லாம் சாக்குப் பை மாதிரி தொங்குகிறதாம். வந்து அக்காவிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

கையெழுத்துப் போட்டு முடிந்ததும் தாழ்வாரத்தில் மாமா தனியாக நின்றிருந்தார். அக்கா நேரே அவரிடம் போனாள்.

"ஏங்க, உங்க கடை ஆளு சரியாத்தான் தைக்கிறாரு. நீங்கதான் இன்னும் என் கைக்கு வெட்டுறீங்க. அதை நிறுத்துங்க."

"யாரும் எங்கிட்ட சொல்லலையே" என்றார் மாமா.

"அதான் சொல்றேன்" என்றாள் அக்கா.