நாப்பத்திமூணு மடக்கு டீ

எங்க வீட்டுக்காரரு கருத்தக்கண்ணன் தல்லாகுளத்துல டீ மாஸ்டர். கோர்ட்டுக்குப் போற வக்கீலு, ஆபீஸுக்குப் போற சாரு, பஸ்ஸுக்கு நிக்கிற ஆளுக, எல்லாருக்கும் இவரு கையால ஒரு கிளாஸ் உள்ள போனாத்தான் பொழுது விடியும். கையைத் தூக்கி ஆத்துனாருன்னா டீ ஒரு முழத்துக்கு நீளும், ஒரு சொட்டு சிந்தாது. பொய் மட்டும் வாயில இருந்து சிந்திக்கிட்டே இருக்கும்.

தொண்ணூத்தெட்டுலதான் அவருக்கு மூலம்னு எனக்கே தெரிஞ்சுச்சு. ரெண்டு வருசமா ரத்தம் போயிருக்கு, மனுசன் வாயைத் திறக்கலை. கேட்டா, "பாய்லர் முன்னாடி நிக்கிறேன்ல, சூடுடி"ம்பாரு. ஒரு நாள் பால் கேனைத் தூக்குனவரு மூச்சு வாங்கி பெஞ்சுல உக்காந்துட்டாரு. எந்திரிக்க முடியலை. கையைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன்.

ஆபரேசனுக்குத் தேதி குறிச்சாச்சு. முந்தின நாள் மயக்க மருந்து குடுக்குற மைத்ரேயி டாக்டரம்மா வந்து இவரு கீழ் இமையை விரலால இழுத்துப் பார்த்தாங்க. உள்ள வெளுத்த வேட்டி கணக்கா இருந்துச்சு. ரத்தம் பார்த்த சீட்டையும் வாங்கிப் பார்த்துட்டு, முடியாதுன்னுட்டாங்க.

"ஏன் டாக்டரம்மா?"

"ரத்தத்தோட அளவு சாதாரணமா பதிமூணு இருக்கணும்மா, ஆபரேசனுக்குப் பத்துக்கு மேலயாவது வேணும். இவருக்கு ஏழுகூட இல்லை. இப்படியே மேசையில படுக்க வச்சா, கொஞ்சம் ரத்தம் போனாலும் இதயம் தாங்காது. எந்திரிச்சு வருவாருன்னு என்னால சொல்ல முடியாது. இது ஒண்ணும் இன்னைக்கே பண்ண வேண்டிய ஆபரேசன் இல்லை. சாப்பாடு, மருந்துல ரத்த அளவைக் கூட்டிட்டு வாங்க."

இந்த ஆளை எம்புட்டுத் தடவை போய்த் தொலைன்னு திட்டியிருப்பேன்! அன்னைக்கு வராந்தாவுல நின்னு, பாண்டிச்சாமி, இவரை எங்கிட்ட விட்டுருய்யான்னு கும்பிட்டேன்.

ரத்தப்போக்கை அடக்க ஒரு மருந்தும், இரும்புச்சத்து மாத்திரையும் குடுத்தாங்க. டீ மட்டும் கூடவே கூடாது, அது இரும்பை உடம்புல ஒட்ட விடாதுன்னாங்க. "ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீங்க?"ன்னு கேட்டதுக்கு இவரு ஃபேனைப் பார்த்தாரு. "எண்ணுனது இல்லைங்க." அங்கனயே பாண்டிச்சாமி மேல சத்தியம் பண்ணுனாரு, இனி டீயைத் தொட மாட்டேன்னு.

அப்புறம் என்ன, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஞாயித்துக்கிழமையானா ஆட்டு மண்ணீரல், அதான் சுவரொட்டி வறுவல். கறிக்கடைக்காரரு என் தலையைக் கண்டாலே சுவரொட்டியை எடுத்து வச்சிருவாரு. தினம் காலையில நானே மாத்திரையைக் கையில குடுத்துக் கடைக்கு அனுப்புவேன். ஒரு மாசம் கழிச்சு ரத்தம் பார்த்தா, வெறும் ஏழு. டாக்டரம்மா என்னைப் பார்க்கிறாங்க, நான் இவரைப் பார்க்கிறேன், இவரு மறுபடியும் ஃபேனைப் பார்க்கிறாரு.

மறுநாள் விடிஞ்சும் விடியாம கடைக்குப் போயி பெஞ்சு ஓரத்துல உக்காந்தேன். "நீ எதுக்குடி இங்க?"ன்னாரு. "சும்மா"ன்னேன். டிகாசன் இறக்குனதும் கிளாஸ்ல ஒரு மடக்கு ஊத்தி வாயில விட்டு, நாக்கைச் சப்புக் கொட்டி, தலையை ஆட்டுனாரு. அதே மடக்குல மாத்திரையையும் முழுங்குனாரு. பால் சேர்த்ததும் ஒரு மடக்கு. சீனி போட்டதும் ஒரு மடக்கு. ஒவ்வொரு தடவை டீ போடுறப்பவும் இதே கதை. பத்து மணிக்குள்ள நாப்பத்திமூணு எண்ணிட்டேன்.

"அட பாவி மனுசா! சாமி மேல சத்தியம் பண்ணுனீரே!"

"நான் எங்கடி குடிச்சேன்? ருசிதானே பார்த்தேன்!"

வாய் தவறிச் சொல்லலை, நெசமாவே அப்படித்தான் நம்பிக்கிட்டு இருந்திருக்காரு! எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது. கரண்டியைப் பிடுங்கிக்கிட்டேன். "செத்துப் போயிருவீரோன்னு தெனம் பயந்து சாகிறேன் மாமா. இனிமே இந்த டீ உம்ம நாக்குல படக் கூடாது."

"ருசி பார்க்காம எப்படிடி டீ போடுறது?"

"நான் பார்க்கிறேன்."

கடையே சிரிச்சுச்சு. நான் பழைய சோத்து நீச்சத்தண்ணி குடிச்சு வளர்ந்தவ, டீ வாடையே எனக்கு ஆகாது. தினம் வர்ற அனந்தராமன் சாரு, பக்கத்து ஆபீஸ் கிளார்க்கு, "மாஸ்டர், நம்ம கதி என்ன?"ன்னாரு. நான் அசரலை. ஒரு வாய் குடிச்சு, "தண்ணியா இருக்கு, இன்னும் கொதிக்கட்டும்"ன்னேன். இன்னொரு வாய், "சீனி ஜாஸ்தி". முணங்கிக்கிட்டே சொன்னபடி செஞ்சாரு. "இவ நாக்கை நம்பிக் கடை நடத்துறேன், எங்க போயி முட்டிக்கிறது!"

மாத்திரையை நெல்லிக்காய்த் தண்ணியில முழுங்க வச்சேன். தினம் கடை திறந்ததும் எல்லாருக்கும் முன்னாடி அவரு இமையை இழுத்துப் பார்ப்பேன். கூச்சப்படுவாரு. ரெண்டே வாரத்துல வர்றவங்க எல்லாம் அதையே கேக்க ஆரம்பிச்சுட்டாங்க: "அண்ணே, டீ அப்புறம், முதல்ல கண்ணைக் காட்டுங்க!" வெள்ளை போயி லேசா ரோஸ் வந்துச்சு. பால் கேனை ஒத்தக் கையில தூக்குனாரு.

ஆறு வாரத்துல ரத்தம் பதினொண்ணரை. டாக்டரம்மா சிரிச்சாங்க. "போதும்மா, இப்ப தைரியமாப் பண்ணலாம்." ஆபரேசன் முடிஞ்சு வெளிய கொண்டுவந்து படுக்க வச்சிருந்தப்ப எனக்குப் பொறுக்கலை. மெதுவா இமையை இழுத்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னாரு: "உசுரோடதான்டி இருக்கேன்." கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அழுதே தீர்த்தேன்.

கொஞ்ச நாள் கழிச்சு மறுபடியும் ரத்தம் பார்த்தாங்க, பதிமூணுக்கு வந்துருச்சு. தினம் ஒரு டீ குடிக்கலாம்னு சொல்லிட்டாங்க. மறுநாள் அனந்தராமன் சாரு உட்பட ஒரு கூட்டமே கடை முன்னாடி வேடிக்கை பார்க்க நிக்குது. நான் கொதிக்க வச்சு, நான் ருசி பார்த்து, ஒரு கிளாஸ் நீட்டுனேன். இம்புட்டு நாளா ஊருக்கே ஊத்திக் குடுத்தவரு, என் பக்குவத்துல இறக்குன டீயை அன்னைக்குத்தான் முதத் தடவையா வாயில வைக்கிறாரு.

ஒரு மடக்கு குடிச்சாரு. சப்புக் கொட்டலை. என்னைப் பார்த்தாரு. "இதையா இத்தனை நாளா குடிச்சீங்க?"ன்னு கூட்டத்தைக் கேட்டாரு.

"ஆமா மாஸ்டர்"னாரு அனந்தராமன் சாரு.

"எங்கிட்ட ஒருத்தனும் சொல்லலையே!"ன்னுட்டு கிளாஸைக் காலி பண்ணி, என்கிட்ட நீட்டுனாரு. "இன்னொண்ணு ஊத்துடி."

"ஒண்ணுதான் கணக்கு. கண்ணைக் காட்டும்."

அத்தனை பேருக்கு முன்னாடியும் கூச்சப்படாம, அவரே இமையை இழுத்துக் காட்டுனாரு. செக்கச்செவேல்னு இருந்துச்சு. அரைக் கிளாஸ் ஊத்திக் குடுத்தேன்.