என் சட்டைப்பையில் இருந்த கார் சாவி

எழுபத்திரண்டு வயதில் நான் செய்த தவறு இது. அமெரிக்காவில் நாங்கள் வசிக்கும் ரவுண்ட் ராக்கிலிருந்து மேற்கு டெக்சஸுக்குப் பறவை பார்க்கப் போயிருந்தோம். காலையில் மலைக்காட்டில் மனைவி ஜமீலா பேசியதும் ஒரு பறவை பறந்துவிட்டது, அவளைக் கடிந்துகொண்டேன். மதியம் பாலைவனத்தில், ஏசி ஓடும் காரில் அவளை உட்காரவைத்துவிட்டு, "பத்தே நிமிஷம்" என்று தரையில் ஓடும் குயில் இனப் பறவை ஒன்றின் பின்னால் போனேன். ஒரு மணி நேரமாகிவிட்டது.

திரும்பியபோது என்ஜின் ஓடவில்லை. கதவைத் திறந்துவைத்து, வாய் உலர்ந்து துவண்டு கிடந்தாள். பொத்தானை அழுத்தி இயக்கும் கார் அது; சாவி என் சட்டைப்பையில் இருந்ததால் அவளால் அணைக்கத்தான் முடிந்தது, மறுபடி ஸ்டார்ட் செய்ய முடியவில்லை. தண்ணீர் கொடுத்து, "ஏன்மா ஆஃப் பண்ணே?" என்றேன்.

"சத்தம் கேட்டா பறந்துடும்னு நீங்கதானே திட்டினீங்க? அதான். அந்தப் பறவையைப் பாத்தீங்களா, இல்லையா?"

இப்போதெல்லாம் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்குகிறேன். அவள் பேசினால் பைனாகுலரை இறக்கிவிடுகிறேன்.