வரிசையில் ஓர் ஆள் இடம்

அக்கா, மாமா, இது கதை இல்லை. முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், விளக்கெல்லாம் எரியும்போது எனக்கு நடந்தது. வேலைக்குக் கிளம்புகிற அவசரம், டைப் அடிக்க நேரமில்லை. அதனால் வாயால் சொல்லி, போனையே எழுத வைக்கிறேன். மாமாவுக்குச் சிரிக்க வேண்டுமென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடட்டும். அம்மாவிடம் மட்டும் காட்டாதீர்கள். உடனே கிளம்பி வா என்று உட்கார்ந்துகொள்வாள்.

ஊர் நடுவில் மணிக்கூண்டைத் திரும்பக் கட்டித் திறந்திருக்கிறார்கள் என்று சொன்னேன் இல்லையா. பழையது எப்போதோ விழுந்துவிட்டதாம். அப்புறம் ரொம்ப வருஷம் அந்த இடத்தில் வெறும் புல்தரைதான். இப்போது பழைய படங்களைப் பார்த்து அச்சு அசலாக எழுப்பியிருக்கிறார்கள். அதன் வாசலில் நிற்பதுதான் என் வேலை. வரிசையில் வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு ஹெட்செட் கொடுத்து உள்ளே அனுப்ப வேண்டும். காதில் மாட்டியதும் அது ‘பீப்’ என்று ஒரு சத்தம் போடும். பிறகு மணிக்கூண்டின் வரலாறு ஓடும்.

என் சோதனைக் காலம் இந்த வாரத்தோடு முடிகிறது. ஒரு புகார் வந்தால் போதும், வேலை போய்விடும். வேலை போனால் விசா போகும், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அதனால் யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன். இந்த ஊர்க்காரர்கள் வேகமாகப் பேசினால் பாதி புரியாது. புரிந்த மாதிரி தலையாட்டிவிடுவேன். இங்கே என் பிழைப்பே அந்தத் தலையாட்டலில்தான் ஓடுகிறது.

அன்று கூட்டம் தாங்கவில்லை. ஆளுக்கு ஒரு பேச்சு. “கல்யாண கேக் மாதிரி இருக்கு. எங்க காலத்துல இவ்ளோ வெள்ளையா இருந்ததே இல்ல” என்றார் ஒரு பெரியவர். “இந்தக் காசுக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்டியிருக்கலாம்” என்று ஒருவர் திட்டிக்கொண்டே செல்ஃபி எடுத்தார். ஓர் அம்மா வாசல் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதார். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெளியே வருகிற வழியில் ஹெட்செட்டைத் திரும்ப வாங்கி வைப்பவர் நெட்டை அண்ணன். நம்மைப் போலப் பிழைக்க வந்தவர். “திட்டுறவன்தான் ரெண்டாவது தடவையும் வரான், பாத்தியா” என்று கண்ணடித்தார். நானும் சிரித்தேன்.

ஐந்தரை மணிக்குத் தூறல் விழுந்தது. அப்போதுதான் கவனித்தேன். வரிசை நடுவில் ஓர் இடைவெளி. ஒரே ஓர் ஆள் நிற்கிற அளவு.

“கொஞ்சம் முன்னாடி நகருங்க” என்றேன். யாரும் நகரவில்லை. இடைவெளிக்குப் பின்னால் நின்ற சிவப்புக் கோட்டுப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வரிசை நகர்ந்தது. இடைவெளியும் நகர்ந்தது... அதே அளவில்.

ஒரு குழந்தை அந்த இடத்தைப் பார்த்து டாட்டா காட்டியது. குழந்தைதானே என்று விட்டுவிட்டேன். ஆனால் சிவப்புக் கோட்டுப் பெண் தன் குடையை முன்பக்கமாக நீட்டிப் பிடித்திருந்தார். அவர் தோள் நனைந்துகொண்டிருந்தது. குடை, வெறும் இடத்தின் மேல்.

ஐந்து ஐம்பதுக்கு அந்த இடைவெளி என் எதிரே வந்து நின்றது. ஈரச் சுண்ணாம்பு வாசனை குப்பென்று அடித்தது.

நான் சிவப்புக் கோட்டுப் பெண்ணிடம் ஹெட்செட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“முதல்ல அவருக்குக் குடுங்க.”

“யாருக்கு?”

“இதோ நிக்கிறாரே. பாவம், எவ்ளோ நேரமா நிக்கிறாரு.”

பின்னாலிருந்து ஓர் ஆண் குரல். “என்னம்மா, ஆளப் பாத்துதான் உள்ள விடுவியா? உன் சூப்பர்வைசரக் கூப்பிடு.”

எல்லா முகமும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது. என் பக்கம் இல்லை. என் எதிரே இருந்த வெறும் இடத்தின் பக்கம். பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புகார். விசா. மூட்டை. வேறு எதுவும் எனக்கு ஓடவில்லை.

சிரித்தேன். தலையாட்டினேன். ஹெட்செட்டைக் காற்றில் நீட்டி, “வாங்க, உள்ள போங்க” என்றேன்.

அக்கா... கையில் எடை குறைந்தது.

ஹெட்செட்டின் கயிறு என் விரல்களுக்கு நடுவில் மெதுவாக நழுவிப் போனது. கீழே விழுந்த சத்தம் இல்லை. குனிந்து பார்த்தேன். தரையில் ஒன்றும் இல்லை.

பிறகு, உள்ளே, படிக்கட்டு இருட்டில்...

பீப்.

ஆறரைக்குக் கதவை மூடினோம். நெட்டை அண்ணன் ஹெட்செட்டுகளை அடுக்கிவிட்டுத் தலையைச் சொறிந்தார். “ஒண்ணு குறையுது. எவனோ மாட்டிக்கிட்டே வீட்டுக்குப் போயிட்டான்.”

“உள்ள யாராவது இருக்காங்களாண்ணே?”

“கடைசி ஆள் வரைக்கும் நான்தான் இறக்கிவிட்டேன். ஏன், போய்ப் பாக்குறியா?” சிரித்தார். சட்டென்று நிறுத்தினார். “இரு... மேல யாரோ நடக்கல?”

காலடி. நின்றது. இன்னொரு காலடி.

யாரோ நிதானமாகப் படி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் கேட்டுக்கொண்டே நின்றோம். ஏறிக்கொண்டே இருந்தது.

அந்த மணிக்கூண்டுக்கு அத்தனை படி கிடையாது.

நெட்டை அண்ணன் பூட்டைப் போட்டார்.

நேற்று திங்கள், மணிக்கூண்டுக்கு விடுமுறை. சூப்பர்வைசர் மேடம் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். தொலைந்த ஹெட்செட்டுக்காகத்தான் என்று நினைத்துப் போனேன். அவரோ சிரித்தார்.

“ஞாயித்துக்கிழமை வந்தவங்க உன்னத்தான் பாராட்டியிருக்காங்க. யாரோ ஒருத்தர மரியாதையா உள்ள அனுப்பினியாமே. அந்த வாசல் இனி உனக்குத்தான். நிரந்தரம்.”

கையெழுத்துப் போட்டேன். நாம் எல்லோரும் வேண்டிக்கொண்டது அதற்குத்தானே, அக்கா.

அப்புறம்தான் கேட்டேன். “பழைய மணிக்கூண்டு எப்படி மேடம் விழுந்துச்சு?”

“அன்னிக்கும் நல்ல கூட்டமாம். கதவு திறக்க லேட்டாயிடுச்சு. மணிக்கூண்டு அப்படியே வெளிப்பக்கமா சரிஞ்சு விழுந்துடுச்சு. உள்ள ஒருத்தரும் இல்ல.”

“அப்ப யாருக்கும் ஒண்ணும் ஆகலையா?”

அவர் பேனாவை மூடி வைத்தார். “வெளிய வரிசையில நின்னாங்களே. அத ஹெட்செட்ல சொல்ல வேணாம்னு மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க.”

“எத்தன பேரு?”

“யாரு எண்ணினா... வரிசை மணிக்கூண்டச் சுத்தி மூணு சுத்து நின்னுச்சாம்.”

இப்போது காலை மணி எட்டரை. ஒன்பதுக்கு நான் போய்க் கதவைத் திறக்க வேண்டும்.

மூன்று சுற்று, அக்கா.

நான் உள்ளே விட்டது ஒருவரைத்தான்.