மூன்றாவது நாடு

ஆராய்ச்சிகளுக்குப் பணம் கொடுக்கக் கடலோர நாடுகள் சில சேர்ந்து நடத்தும் கூட்டமைப்பு அது. அதற்குத் திட்டம் அனுப்ப வேண்டுமானால் மூன்று நாடுகளாவது சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாடு ஒரு சுற்றில் ஒரு திட்டத்தில்தான் சேரலாம். கோவையில் எங்கள் தென்னை ஆய்வு மையத்தில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. வாடல் நோய்க்குத் தீர்வு தேடும் திட்டம். நம்மோடு இன்னொரு நாடு தயார். மூன்றாவது நாட்டுக்காக மெயிலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டீ குடிக்கப் போனாலும் செல்போன் கையை விட்டு இறங்கவில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளாததற்குக் காரணம் கிணத்துக்கடவில் இருந்தார். கணவர் போன பிறகு தோப்பைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு அக்கா. அக்கம்பக்கத்தில் நோய் கண்ட மரங்களை வெட்டிவிட்டார்கள். சோதனைக்கு வேண்டும், வெட்டாதீர்கள் என்று இவரிடம் கேட்டுக்கொண்டவள் நான். என் பேச்சை நம்பி விட்டுவைத்தார். நோய் நல்ல மரங்களுக்கும் பரவிக்கொண்டிருந்தது.

கெடு முடியும் கடைசி வாரம் ஒரு தீவு நாட்டு அதிகாரி காணொலியில் வந்தார். நாங்கள் சேர்ந்துகொள்ளட்டுமா என்று அவராகவே கேட்டார். எனக்கு எழுந்து குதிக்கலாம் போலிருந்தது. எங்கள் இயக்குநர் சிரித்தபடி ஆங்கிலத்தில் சொன்னார்: பரவாயில்லை, உங்களுக்கு எதற்குச் சிரமம்.

எங்கள் பக்கம் அப்படித்தான். காபி நீட்டினால்கூட முதலில் 'இருக்கட்டுங்க' என்று சொல்ல வேண்டும். கொடுப்பவர் விடாமல் வற்புறுத்த வேண்டும். அதன் பிறகுதான் டம்ளரைத் தொடலாம். தீவுக்காரருக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

"ஏனுங்க சார், அவங்க நெசமாலுமே வேண்டாம்னு எடுத்துக்குவாங்க. இப்பவே போன் போடட்டுங்களா?"

"அட இருங்க அம்மணி. மறுக்கா கேப்பாங்க. நாமளே உழுந்தடிச்சுட்டுப் போனா நல்லாவாங்க இருக்கும்?"

மறுநாள் காலை பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டேன். தேவையில்லை என்றீர்களே, அதனால் வேறொரு திட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோம் என்றார் அந்த அதிகாரி. வலிய வந்த சீதேவியைக் காலால் எட்டி உதைத்த கதைதான். இயக்குநரிடம் சொன்னபோது, "அப்படியா எடுத்துக்கிட்டாங்க?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்கலாம் போல ஆத்திரம் வந்தது. வேறு நாடு கிடைக்கவில்லை. கெடு முடிந்தது.

கிணத்துக்கடவுக்குப் பஸ் ஏறினேன். அந்த அக்கா முழுதும் கேட்டுக்கொண்டார், கோபப்படவில்லை.

"அடுத்த தடவை கண்டிப்பா அனுப்பிப்போடறனுங்க அக்கா. அது வரைக்கும் மருந்துக்கு நான் ஏற்பாடு பண்றனுங்க."

"வேண்டாம் கண்ணு. உனக்கு எதுக்குச் செரமம்?"

ஊர் வழக்கப்படி மறுபடி கேட்டேன். அதே பதில். மூன்றாம் முறையும் கேட்டேன்.

"மரம் வெட்டறவங்களுக்குச் சொல்லிப்போட்டேன் கண்ணு. நாளைக்கு வாராங்க."

உள்ளே போய்க் காபி கொண்டுவந்து நீட்டினார். முதல் தடவையே வாங்கிக்கொண்டேன்.